ஆணற்ற வம்சமும் ஆயிரங்காலத்து மரமும்

பன்மையே பலம் என்று சூழலியல் பேசுவோர் இன்று தயக்கமின்றிச் சொல்கின்றனர். கேட்போரும் தயக்கமின்றி ஏற்கின்றனர். ஓர் இனத்தின் உறுப்பினர்களிடையே மரபணு வேறுபாடுகள் மிகுந்திருந்தால், கொள்ளைநோயோ கடுங்குளிரோ வரும்போது சிலவேனும் தாக்குப்பிடிக்கும். எல்லாம் ஒரே வார்ப்பாக இருந்தால் ஒன்றை வீழ்த்துவது எல்லாவற்றையும் வீழ்த்தும் என்பது அதன் தருக்கம். 1840-களில் அயர்லாந்தில் ஏறத்தாழ ஒரே வகை உருளைக்கிழங்கை நம்பியிருந்த வயல்கள் அழுகிப்போனது இதற்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. தருக்கத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை ஏற்கும் மனத்தில் தருக்கத்துக்கு அப்பாற்பட்ட ஒரு நிறைவும் கலந்திருக்கிறது: ஒற்றைத்தன்மையை இயற்கை பொறுத்துக்கொள்ளாது, என்றேனும் தண்டித்துவிடும் என்ற நிறைவு. அரசியலிலும் பண்பாட்டிலும் ஒற்றைத்தன்மையை அஞ்சுகிறவர்களுக்கு உயிரியல் தங்கள் பக்கம் நிற்பதாகத் தோன்றுவது இயல்பே. கண்டம் விட்டுக் கண்டம் போய்க் காடுகளை அழிக்கும் பூச்சிகளின் மரபியலை அணுகிப் பார்க்கும்போது இந்த நிறைவு குலைகிறது. அங்கே ஒவ்வொரு விதையிலும் மரபணுக்களைப் புதிதாகக் கலந்து பிறக்கும் பேருயிர் சாய்கிறது. கலப்பையே அறியாத சிற்றுயிர் பெருகுகிறது. விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இது பல பூச்சிகளிடம் காணப்படுவதுதான் மன அமைதியைக் கெடுக்கிறது.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்கோடியிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை பரந்திருக்கும் கிழக்கத்திய ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரம் (சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட நச்சுச் செடிக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை) அதன் நிழலால் அறியப்படுவது. கிளைகள் அடுக்கடுக்காகத் தாழ்ந்து வெயிலை மறிப்பதால் கோடை நண்பகலிலும் மரத்தடி ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும். அந்த நிழல் விழும் ஓடைகளின் தண்மையை நம்பி ட்ரவுட் மீன்கள் வாழ்கின்றன. உதிர்ந்த ஊசிகள் மெல்ல மட்கிப் புளிப்புத் தன்மை கொண்ட கரிய படுகையாகத் தரையை மூடுவதால் வேறு செடிகள் அங்கே எளிதில் தலையெடுப்பதில்லை. தன் இனத்தின் நிழலிலேயே முளைத்து, மெலிந்த தண்டோடு பல பத்தாண்டுகள் காத்திருந்து, மேலே ஓர் இடைவெளி திறக்கும்போது உயரத் தொடங்கும் பொறுமை அந்த மரத்துக்கு உண்டு. எண்ணூறு ஆண்டுகளைத் தாண்டிய மரங்களும் இருந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில் தோல் பதனிடுவோர் அதன் பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு மரத்தைக் கிடந்து அழுகவிட்ட காலத்தையும் அது கடந்து வந்தது. அதை இப்போது கொல்வது ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சி. அசுவினிக்கு உறவான அடெல்ஜிட் குடும்பத்தைச் சேர்ந்த அது, ஊசியிலையின் அடியில் தன் உடலைவிட நீண்ட நுண்குழல் வாயைச் செருகி, மரம் தன் திசுக்களில் சேமித்து வைத்திருக்கும் உணவை உறிஞ்சுகிறது. வெண்மெழுகு இழைகளைச் சுரந்து போர்த்திக்கொள்வதால், தாக்கப்பட்ட கிளையின் அடிப்புறம் மாவுப்பூச்சி பிடித்த செம்பருத்திக் கொம்பைப்போலத் தெரியும். புதிய தளிர் விடுவது நிற்கிறது, ஊசிகள் பசுமை இழந்து சாம்பல் பூக்கின்றன, சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. நூற்றாண்டுகளாக இருண்டிருந்த தரையில் வெயில் விழுந்து பிர்ச் கன்றுகள் முளைக்கின்றன.

இந்தப் பூச்சியின் கிழக்கு அமெரிக்கக் கூட்டத்தில் ஆண் கிடையாது. அதன் தாயகமான ஜப்பானில் அது இரு மரங்களுக்கிடையே சுழலும் வாழ்க்கையை உடையது: ஹெம்லாக்கில் இருக்கும்வரை ஆணின் துணையின்றிப் பெண்ணே பெண்ணைப் பெறும் கன்னி இனப்பெருக்கம் நடக்கிறது, பிறகு சிறகு முளைத்த ஒரு தலைமுறை புலிவால் ஸ்ப்ரூஸ் என்ற வேறோர் ஊசியிலை மரத்துக்குப் பறந்து சென்று, அங்கே ஆணும் பெண்ணும் பிறந்து இணைந்து, மரபணுக்கள் ஒருமுறை கலைத்து அடுக்கப்பட்ட பின் வாரிசுகள் ஹெம்லாக்குக்குத் திரும்புகின்றன. கிழக்கு அமெரிக்காவிலும் ஸ்ப்ரூஸ் மரங்கள் உண்டு, ஆனால் அவை வேறு இனங்கள்; அவற்றில் இதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு வசந்தத்திலும், கிளையில் நெரிசல் கூடக்கூட மேலும் அதிகமாக, சிறகுள்ளவை பிறந்து ஹெம்லாக்கை விட்டுக் கிளம்புகின்றன, அந்த நிலத்தில் இல்லாத ஒரு மரத்தை நாடிப் போய் வழித்தோன்றல் இன்றி முடிகின்றன. பாலினக் கலப்பு என்பது அங்கே ஆண்டுதோறும் தவறாமல் தொடங்கித் தவறாமல் தோற்கும் ஒரு பழைய வழக்கமாக மட்டும் எஞ்சியிருக்கிறது. வெற்றி பெறுபவை கிளம்பாதவையே. சிறகற்ற தாய்மார் ஆண்டுக்கு இரு தலைமுறையாக, கோடையில் உறங்கி, பகை உயிர்கள் ஒடுங்கியிருக்கும் குளிர்காலத்தில் உண்டு, ஒவ்வொன்றும் முந்நூறு முட்டைகள் வரை இட்டு, ஏறத்தாழத் தம்மையே நகலெடுத்துக்கொண்டு போகின்றன. குஞ்சுகள் தாமாகப் பறப்பதில்லை. காற்றும் பறவைகளும் மான்களும் நாற்று வணிகரும் அவற்றைக் கொண்டுசெல்கின்றனர். வேறுபாட்டை உண்டாக்கும் கருவியை இழந்த ஓர் உயிர், அந்த இழப்பினால் தளர்ந்ததாக எந்த அடையாளமும் காட்டாமல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவை 2017-இல் எட்டிவிட்டது.

கிழக்கில் அது முதன்முதலாகப் பதிவானது 1951-இல், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் பகுதியில். ஜப்பானியத் தோட்டச் செடிகளின் மீது அமெரிக்கச் செல்வர்கள் கொண்ட மோகத்தோடு அது வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. 2006-இல் நேத்தன் ஹாவில் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இழைமணி டி.என்.ஏ.வை, அதாவது உயிரணுவின் ஆற்றல் உறுப்புகளில் தனியாக இருந்து தாய்வழியில் மட்டுமே கடத்தப்படும் மரபுப் பொருளை, ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிழக்கு அமெரிக்கப் பூச்சிகள் தென் ஜப்பானில் வாழும் ஒரு கால்வழியோடு ஒத்துப்போயின. ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிட ஆழமான உறுத்தலைத் தருவது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இதே பூச்சி உண்டு. இதன் அறிவியல் விவரணையே 1924-இல் அங்கிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு எழுதப்பட்டது. அங்குள்ள காடுகளில் ஹெம்லாக் மரங்கள் அதனால் மடிவதில்லை. மேற்கத்தியக் கால்வழி கப்பலில் வந்ததன்று என்பதையும், மனிதர் கடல் கடக்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே பனியூழிக் காலத்தில் ஆசியப் பக்கமிருந்து அது தானாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதையும் பின்னர் நடந்த விரிவான மரபியல் ஆய்வுகள் காட்டின. அதுவும் ஒருகாலத்தில் புதிதாக வந்ததுதான். அது வந்தபோது எத்தனை மரங்கள் விழுந்தன என்பதற்குச் சாட்சி இல்லை. இன்று அதை உண்ணும் வண்டுகளும் ஈக்களும் உண்டு, தாங்கும் மரமும் உண்டு, அதனால் அதற்குத் தாயகத்து உயிர் என்ற தகுதியும் கிடைத்திருக்கிறது. ஒரே இனம் ஒரு கரையில் சாது, மறு கரையில் கொலைகாரன். மரபணு வரிசையை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் கொலை அதில் எழுதப்பட்டிருப்பதாகச் சொல்ல முடியவில்லை. அது பூச்சிக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட உறவில், அந்த உறவுக்குக் கிடைத்த அல்லது கிடைக்காத கால அளவில் இருக்கிறது.

மூலத்தைத் துலக்கும் இவ்வகை ஆய்வுகள் மேன்மேலும் கூர்மை பெற்று வருகின்றன. ஐரோப்பாவின் நகரச் சாலைகளில் நிற்கும் குதிரைச் செஸ்ட்நட் மரங்களின் இலைகளுக்குள் துளைத்து வாழும் சிறு அந்துப்பூச்சி ஒன்று 1984-இல் மாசிடோனியாவின் ஒஹ்ரிட் ஏரிப் பகுதியில் கவனிக்கப்பட்டபோது, அது எங்கிருந்து வந்தது என்ற விவாதம் நெடுநாள் நீடித்தது. விடை தாவர உலர்பதனத் தொகுப்புகளில் இருந்தது: கிரேக்கத்தில் 1879-இல் பறித்து அழுத்திக் காயவைத்த இலைகளுக்குள்ளேயே அதன் புழுக்கள் நசுங்கி உலர்ந்து கிடந்தன, அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்து, பால்கன் மலைகளில் அது வெகுகாலமாக அமைதியாக இருந்த உயிரே என்று 2011-இல் நிறுவினர். பூக்களுக்காகவும் இலைகளுக்காகவும் பாதுகாக்கப்பட்ட தாளில் ஒரு பூச்சியின் வரலாறு, யாரும் கருதாமலே, நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றப்பட்டிருந்தது. இத்தகைய துப்பறிதலின் அழகை மறுக்க இயலாது. தாயகம் தெரிந்தால் அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் இயற்கைப் பகைவர்களைத் தேடலாம் என்ற பயனும் உண்டு. ஆனால் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்தவுடன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக ஓர் எண்ணம் எழுந்துவிடுகிறது. ஜப்பானும் பால்கனும் இந்தப் பூச்சிகளை யார் மீதும் ஏவிவிடவில்லை. வேருடனும் மண்ணுடனும் செடிகளைக் கடல் கடத்திய தோட்ட ஆசை, சரக்குப் பெட்டிகளுக்கு முட்டுக்கொடுத்த பச்சை மரக்கட்டை, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகள் ஆகியவை எந்தக் கால்வழி வரைபடத்திலும் ஒரு கிளையாக இடம்பெறுவதில்லை.

சிறு எண்ணிக்கையில் வந்து, மூதாதையரின் வேறுபாட்டில் ஒரு துளியை மட்டும் சுமந்து வந்த உயிரினம் புதிய நிலத்தில் தழைப்பது எப்படி என்ற கேள்வியை உயிரியலாளர் ஊடுருவலின் மரபியல் முரண்புதிர் என்கின்றனர். இதற்குச் சொல்லப்படும் விடைகள் பல. உண்மையில் வந்தது ஒருமுறையன்று, வெவ்வேறு இடங்களிலிருந்து பலமுறை, ஆகவே வேறுபாடு ஈடுசெய்யப்பட்டுவிட்டது என்பது ஒன்று. சில பூச்சிகளுக்கு இது பொருந்துகிறது, ஹெம்லாக் பூச்சிக்குப் பொருந்தவில்லை. உள்ளினச் சேர்க்கையால் வெளிப்படும் கேடான மரபணுக்கள் முன்பே களையெடுக்கப்பட்ட இனங்களே இவ்வாறு வெல்கின்றன என்பது மற்றொன்று. ஜார்ஜியா மாநிலத்தில் 2002-இல் கண்டறியப்பட்டு, தென்கிழக்கு அமெரிக்காவின் ரெட்பே மரங்களைத் தான் சுமந்து வரும் பூஞ்சையால் வாடவைத்துக் கொல்லும் ஆசிய அம்புரோசியா வண்டு இதற்கு நல்ல சான்று: அதன் பெண்கள் பிறந்த துளையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உடன்பிறந்த ஆணோடு இணைந்துவிடுகின்றன, இணையாத பெண்கூடக் கருவுறா முட்டையிலிருந்து மகனைப் பெற்று அவனோடு இணைந்து குலம் தொடங்க வல்லது. நெருங்கிய உறவுக்குள் இணைவது அதற்கு ஆபத்தன்று, தொன்மையான வழக்கம். வந்தவற்றின் திறமையைவிட வந்த இடத்தின் வெறுமையே காரணம், எதிர்த்துப் பழகாத மரமும் உண்டு பழகாத பகைவர்களும் இருக்கும் இடத்தில் எந்த நகலும் வெல்லும் என்பது மூன்றாவது விடை. இது பெருமளவு சரியாகவே படுகிறது, ஆயினும் முழுமையாகச் சரியில்லை. கிழக்கு அமெரிக்காவில் வடக்கத்தியப் பூச்சிகளையும் தெற்கத்தியவற்றையும் ஒரே சூழலில் வளர்த்துக் கடுங்குளிரில் சோதித்தபோது வடக்கத்தியவை கூடுதலாகத் தாங்கின. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள், ஆணே இல்லாத ஒரு வம்சத்தில், இயற்கைத் தேர்வு வேலை செய்திருக்கிறது. நகலெடுப்பில் நேரும் பிழைகளான திடீர் மாற்றங்கள் தனித்தனியே அரியவை. ஆனால் ஒரு மலைச்சரிவில் கோடிக்கணக்கில் பிறக்கும்போது அரியதும் ஆண்டுதோறும் நிகழ்வதாகிவிடுகிறது. கலப்பு தரவேண்டியதை எண்ணிக்கை தந்திருக்கிறது எனலாம். முன்னமே சேமித்து வைத்த வேறுபாடு அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்படும்போது உண்டாக்கிக்கொள்ளும் வேகம் போதுமாக இருந்தது.

அந்த வேகந்தான் மரத்திடம் இல்லாதது. கிழக்கத்திய ஹெம்லாக்கின் மரபணு வேறுபாடு மற்ற ஊசியிலை மரங்களோடு ஒப்பிடுகையில் குறைவு என்று சுட்டிக்காட்டி, பன்மைக் கொள்கை இங்கும் பொய்க்கவில்லை என வாதிடுவோர் உண்டு. ஆனால் எவ்வளவு குறைந்ததாயினும் அது தன்னைக் கொல்லும் பூச்சியின் வேறுபாட்டைவிடப் பன்மடங்கு மிகுதி. பிரச்சினை அளவில் இல்லை. ஒரு மரம் காய்க்கத் தொடங்குவதற்குள் பூச்சியின் தலைமுறைகள் பல பத்து கடந்துவிடுகின்றன. தாங்கும் ஆற்றலுள்ள கன்று எங்கோ முளைத்தாலும், அது வளர்ந்து, மகரந்தம் தூவி, விதையுதிர்த்து, அந்த ஆற்றல் காடெங்கும் பரவ நூற்றாண்டுகள் வேண்டும். ஏறத்தாழ 5,500 ஆண்டுகளுக்கு முன் கிழக்கு அமெரிக்கா முழுவதும் ஹெம்லாக் திடீரெனச் சரிந்ததை ஏரிப் படிவுகளில் அமிழ்ந்த மகரந்தத் துகள்களின் எண்ணிக்கை காட்டுகிறது. வறட்சியா, இலையுண்ணும் பூச்சியா, இரண்டுமா என்ற விவாதம் தொடர்கிறது. மரம் மீண்டது உண்மை. மீள ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆனதும் உண்மை. படிவியல் வரைபடத்தில் அது ஒரு விரற்கடைப் பள்ளமாகத் தெரிகிறது. அந்தப் பள்ளத்துக்குள் எத்தனையோ மனிதத் தலைமுறைகள் நிழலற்ற ஓடைகளின் கரையில் பிறந்து இறந்திருக்கின்றன. இறுதியில் பன்மை வெல்லும் என்று சொல்வோர் அந்த இறுதி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. சீன ஹெம்லாக் இப்பூச்சியைத் தாங்குகிறது. அதைக் கரோலினா ஹெம்லாக் என்ற அரிய இனத்தோடு இனக்கலப்புச் செய்ய முடிந்தது. கிழக்கத்திய ஹெம்லாக்கோடு முயன்ற கலப்புகளோ பலிக்கவில்லை, உறவு அந்த அளவுக்கு விலகிவிட்டது. தேவையான மரபணு உலகில் இருக்கிறது, ஆனால் தேவைப்படும் மரத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

நகலுக்கு எதிராக நகலே நிற்கும் காட்சியைத் தமிழகத்தின் தைலமரத் தோப்புகளில் காணலாம். தண்டிலும் இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் புடைப்புகளை உண்டாக்கிக் கன்றுகளைக் குன்றவைக்கும் ஆஸ்திரேலியச் சிறுகுளவி ஒன்று, 2000 வாக்கில் மத்தியதரைக்கடல் நாடுகளில் கவனிக்கப்பட்டு, 2004-இல் பெயர் பெறுவதற்குள்ளாகவே தென்னிந்தியாவையும் எட்டியிருந்தது. அதுவும் பெரும்பாலும் பெண் பெண்ணைப் பெறும் இனம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் ரிக்கெட்சியா என்னும் பாக்டீரியமே ஆண் பிறப்பதைத் தேவையற்றதாக்குகிறது எனக் கருதப்படுகிறது. அது சந்தித்த மரமும் பெரும்பாலும் விதையிலிருந்து எழுந்ததன்று. காகித ஆலைகளுக்குச் சீரான கட்டை வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த தாய்மரத்தின் துண்டுகளை வேர்விடச் செய்து நட்ட குளோன். சில குளோன்கள் நாற்றங்காலிலேயே முடங்கின, வேறு சில தீண்டப்படாமல் நின்றன. ஒற்றைத்தன்மையை இயற்கை தண்டிக்கும் என்ற வாக்கு மரத்தின் பக்கம் நின்று பார்க்கும்போது மெய்யாகிறது. அதே தோப்பில், அதே கிளையில், குளவியின் பக்கம் நின்று பார்க்கும்போது பொய்யாகிறது. நட்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றாக வேண்டியதற்கு ஒருமை ஆபத்து. சில மாதங்களில் பிறந்து முட்டையிட்டு வேறிடம் போய்விடுவதற்கு, வெற்றி பெற்ற ஒரே வடிவத்தைக் கலைக்காமல் திரும்பத் திரும்ப அச்சிடுவது ஆதாயம். ஆகவே பன்மை பற்றிய அறம் இயற்கையின் பொதுவிதியாக இருக்க இயலாது. அது நிற்பவற்றின் அறம், நெடுநாள் வாழ்பவற்றின் அறம். மனிதர் அதைத் தமக்குரியதாக உணர்வது, தாமும் நிற்பவற்றோடு சேர்ந்தவர்கள் என்ற எண்ணத்தால் இருக்கலாம். மரங்களைப் பொறுத்தவரை, மனிதர் பூச்சிகளின் வேகத்தோடு சேர்ந்தவர்கள்.

மீட்பு முயற்சிகளிலும் இந்தத் தடுமாற்றம் தொடர்கிறது. மேற்குக் கரையில் ஹெம்லாக் பூச்சியை உண்டு வாழும் சிறு வண்டு ஒன்றை 2003 முதல் கிழக்கில் விடத் தொடங்கினர். அது பிழைத்துப் பரவியது, கூடவே கிழக்கில் வேறோர் அடெல்ஜிட்டை உண்டு வாழ்ந்த உறவு வண்டோடு இணைந்து கலப்பின வாரிசுகளையும் பெற்றது. பூச்சி கலக்காமல் பெருக, அதை அடக்க வந்தது கலந்து மாறுகிறது. கிழக்குக்கே உரிய வண்டின் தனித்தன்மை கரையுமா என்ற அச்சத்தையும், கலப்பினம் ஒருவேளை திறமிக்கதாக அமையலாம் என்ற எதிர்பார்ப்பையும் ஆய்வாளர்கள் ஒருசேரச் சுமக்க வேண்டியிருக்கிறது. நியூ ஜெர்சியில் செத்துப்போன காட்டின் நடுவே பசுமையாக நின்ற சில ஹெம்லாக் மரங்களிலிருந்து கொம்புகளை வெட்டி வேர்விடச் செய்கின்றனர். பன்மையின் பரிசாகக் கிடைத்த அபூர்வத் தாங்குதிறனைப் பெருக்குவதற்கு நகலெடுப்பதைத் தவிர விரைவான வழி இல்லை, பூச்சியின் உத்தியையே மரத்துக்காகக் கடன்வாங்க வேண்டியிருக்கிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேம்கோர் என்னும் மரமரபு அமைப்போ, அழியும் தோப்புகள் பலவற்றிலிருந்து விதைகளைத் திரட்டிச் சிலியிலும் பிரேசிலிலும் நட்டிருக்கிறது. அங்கே பூச்சி இல்லை. ஹெம்லாக்கும் அங்கே இருந்ததில்லை. பூச்சி எந்த வழியில் மரத்தைத் தேடி வந்ததோ அந்த வழியிலேயே, மனிதர் கையால் கடல் கடந்து, மரம் இப்போது பூச்சியை விட்டு விலகி அயல்நாட்டு உயிராக வாழப் போயிருக்கிறது. அத்தோப்புகளில் பாதுகாக்கப்படுவது வேறுபாடு மட்டுமன்று. வேறுபாடு பயன்படத் தேவையான கால அவகாசமும் சேர்த்தே பாதுகாக்கப்படுகிறது. பன்மையைப் பலம் என்று சொல்வதைவிடக் காலம் கிடைத்தால் பலமாகக்கூடியது என்று சொல்வதே பொருந்தும். அந்தக் காலத்தைக் கொடுப்பதோ பறிப்பதோ மரபணுக்களின் வேலையன்று, செடிகளையும் கட்டைகளையும் எவ்வளவு விரைவாக, எவ்வளவு மலிவாக, எவ்வளவு குறைந்த சோதனையோடு கடல் கடத்தலாம் என்று துறைமுகங்களில் எடுக்கப்படும் முடிவுகளின் வேலை.